கல்லின் மேல் குற்றமில்லை

எனக்கு அப்போது பதினொரு வயது. மண்டைக்காடு கொடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் மணவாளக்குறிச்சியிலிருந்து மண்டைக்காட்டுக்கு நடந்தே போய்விடலாம். மாசி மாதத்தில் அந்தப் பத்து நாளும் ரோடு நெடுக ஆட்களும் கடைகளுமாக இருக்கும். கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு நரிக்குறவர் அக்கா தார்ப்பாய் விரித்துப் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார். கறுப்பும் சிவப்பும் மாற்றி மாற்றிக் கோத்த கண்ணாடி மணிமாலை ஒன்று, நடுவில் சிப்பியில் செய்த சின்ன டாலர். பேரம் பேசாமல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

பாட்டி முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கழுத்துல இது என்னட்டி?"

"மால பாட்டி. கொடைக் கடையில வாங்கினேன்."

"அவுத்துப் போடு. எங்கம்மைக்க கழுத்துல கெடந்தது போதும்."

நான் கழற்றவில்லை. பாட்டி எழுந்து வந்தார், கையில் ஓலை கீறும் கத்தி. ஒரே இழுப்பு. மணிகள் முற்றம் முழுக்கச் சிதறின. நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. உட்கார்ந்து மறுபடியும் ஓலை முடையத் தொடங்கினார்.

அம்மைக்க கழுத்தில் கிடந்தது என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போய் அய்யன்காளியைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் பாட்டி இறந்துவிட்டார். அவரிடம் கேட்க முடியாமல் போன கேள்விகளைத்தான் இப்போது உங்களிடம் பேசுகிறேன்.

நகை என்றால் அழகு, ஆசை, அதிகம் போனால் பணம் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த நாட்டில் நகை முதலில் சட்டமாக இருந்தது. எந்தக் கழுத்தில் எந்தப் பொருள் கிடக்கலாம் என்று எழுதி வைத்த சட்டம். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர் எங்கே குடியிருக்க வேண்டும், எந்தப் பாத்திரத்தில் உண்ண வேண்டும், எந்தத் துணியை உடுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அவர்கள் அணிய வேண்டிய நகை இரும்பு என்றும் விதிக்கிறது. கவனியுங்கள், நகையே போடாதே என்று அது சொல்லவில்லை. போடு, ஆனால் இரும்பில் போடு என்கிறது. தூரத்தில் வரும்போதே ஆளை அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா?

திருவிதாங்கூரில் இரும்போடு கல்லும் சேர்ந்துகொண்டது. 1956 வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான். பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும் கல்குளம் தாலுகாவில்தான் மணவாளக்குறிச்சியும் இருக்கிறது. அந்த ராஜ்ஜியத்தில் பொன்னும் வெள்ளியும் அணிவது பிறப்பால் கிடைக்கிற, அல்லது அரசுக்குப் பணம் கட்டிப் பெறுகிற உரிமை. புலையர் முதலான அடிமைச் சாதிப் பெண்களுக்கு விதிக்கப்பட்டது கல்லுமாலை. கல்மணியும் கண்ணாடி மணியும் கோத்த கனத்த மாலை. மேலே துணி போடக் கூடாது, மார்பில் இந்த மாலை கிடக்க வேண்டும். பேருக்கு அது நகை. கழுத்தில் கட்டிய அடிமைச் சீட்டு என்பதுதான் உண்மை.

1818-ல் அரசி கௌரி பார்வதி பாய், பொன் வெள்ளி நகை அணிய இருந்த தடையையும் அதற்கான கட்டணத்தையும் நீக்கினார். வரலாற்றுப் புத்தகங்களில் இது சீர்திருத்தம் என்ற தலைப்பின் கீழ் வரும். நல்லது. ஆனால் அதற்குப் பிறகும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் புலையர் பெண்களின் கழுத்தில் கல்தான் கிடந்தது. அரசாணை அரண்மனையில் இருந்தது, கல் வயலில் இருந்தது. வயலில் அதிகாரம் செய்தவன் அரசாணையைப் படிக்கிறவனல்ல.

தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1859 ஜூலையில் வந்த அரசாணையின் வாசகத்தை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். எப்படி? கிறிஸ்தவ நாடார் பெண்கள் போடுவது போல் சட்டை போடலாம், இல்லையென்றால் கடற்கரை முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் அணியக் கூடாது. மானத்தை மறைக்க அனுமதித்த கையே துணியின் தரத்தையும் நிர்ணயித்தது. மென்மையான துணி யாருக்கு, முரட்டுத் துணி யாருக்கு என்ற வரிசை அப்படியே இருந்தது. அந்த வரிசையில் புலையரும் பறையரும் சேர்க்கப்படவே இல்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி இருக்கும்.

இதெல்லாம் மலையாள ராஜாக்களின் வேலை, தமிழர்கள் அப்படியில்லை என்று யாராவது சொன்னால் இராமநாதபுரத்தைக் காட்டுங்கள். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்துக் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதில் முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டே எட்டுத் தடை பதினொன்று ஆனது. அது நடந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

இப்போது என் பூட்டியின் காலத்துக்கு வருகிறேன்.

1907-ல் அய்யன்காளி சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். வில்லுவண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனவர், பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்கும்வரை வயலில் இறங்கமாட்டோம் என்று சொன்னவர். அவருடைய இயக்கம் கையில் எடுத்ததில் ஒன்று கல்லுமாலை. கழற்றி எறியுங்கள் என்று சங்கம் ஊர் ஊராகச் சொன்னது. பெண்கள் கழற்றத் தொடங்கியதும் அடி விழுந்தது. 1915 அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் சங்கத்தின் கூட்டம் தாக்கப்பட்டது. பதிலுக்கு மக்களும் அடித்தார்கள். அதன்பின் புலையர் குடிசைகள் எரிக்கப்பட்டன. சனங்கள் உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினார்கள்.

அந்த டிசம்பரில் கொல்லம் நகரத்தில் ஒரு பெரிய கூட்டம். சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை. அவர் நாயர் சமுதாயத்தவர். ஆயிரக்கணக்கில் புலையர்கள் வந்திருந்தார்கள். அய்யன்காளி பேசினார். மேடையிலேயே பெண்கள் கல்லுமாலையை அறுத்து எறிந்தார்கள். ஒருவர், இருவர், பிறகு கூட்டம் முழுவதும். அறுத்துப் போட்ட மாலைகள் மேடையில் குவிந்தன. அதுதான் கல்லுமாலைச் சமரம்.

என் பூட்டி அந்தக் கூட்டத்துக்குப் போனவரல்ல. கொல்லம் எங்கே, எங்கள் ஊர் எங்கே? ஆனால் செய்தி தெற்கே வந்தது. எப்போது அவர் தன் மாலையை அறுத்தார், யார் அறுத்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த தடம் சாகும்வரை இருந்தது என்று மட்டும் பெரியம்மை சொல்லுவார். அந்தத் தடத்தைப் பார்த்து வளர்ந்தவர்தான் என் பாட்டி.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1927 டிசம்பரில், மகாடில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். புடவை கட்டும் விதத்தையும், கழுத்திலும் கையிலும் கிடக்கிற பழைய நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். தீண்டப்படாதவர் என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கிற அடையாளங்கள் அவை என்பதுதான் அவர் சொன்ன காரணம். கொல்லத்திலிருந்து மகாடு எவ்வளவு தூரம்! மொழி வேறு, அரசு வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் விடுதலை கழுத்திலிருந்து தொடங்கியது. சாதி எங்கே தன் முத்திரையைக் குத்துகிறது என்பது இரண்டு தலைவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கல்லுமாலை எரிந்துகொண்டிருந்த அதே காலத்தில் மணவாளக்குறிச்சியில் வேறொரு கல் கதை நடந்தது.

எங்கள் கடற்கரை மணலை நீங்கள் பார்த்திருக்கலாம். சின்னவிளை, பெரியவிளைப் பக்கம் அலை வாங்கியதும் மணலில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். கன்னியாகுமரியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு இதைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. ஐரோப்பாவின் வாயு விளக்குகளில் வெள்ளை வெளிச்சம் தருகிற வலைக்குத் தோரியம் வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். எங்கள் மணலில் பெர்லினின் தெருவிளக்கு எரிந்தது. அதே ராஜ்ஜியத்தில் ஒரு பெண் தன் கழுத்தில் கிடந்த கல்லை எறிந்ததற்காக அவள் குடிசை எரிந்தது.

அந்த ஆலை இன்று ஒன்றிய அரசின் இந்திய அருமணல் நிறுவனத்திடம் இருக்கிறது. அங்கே பிரிக்கிற பொருள்களில் பாதிக்கு நகையோடு உறவு உண்டு. சிவப்புப் பட்டையாகத் தெரிவது கார்னெட். நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகம் இந்தக் குடும்பத்துக் கல்தான். மணலில் கிடக்கிற கார்னெட் பொடிப்பொடியானது, துளையிட்டு மணியாக்க முடியாது. அதனால் அது உப்புத்தாள் ஆகிறது, அழுத்தமான நீரோடு கலந்து இரும்பை அறுக்கப் போகிறது. ஒரே குடும்பத்தில் பிறந்த கல், பெரிதாகக் கிடைத்தால் மோதிரத்தில் ஏறுகிறது, சிறிதாகக் கிடைத்தால் இரும்போடு உரசித் தேய்கிறது. அடுத்தது சிர்கான். அதிலிருந்து எடுக்கிற சிர்கோனியம் ஆக்சைடை இரண்டாயிரத்து எழுநூறு டிகிரிக்கு மேல் உருக்கி ஆற வைத்தால் கிடைப்பதுதான் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கடையில் விற்கிற சிஇசட் கல். 1970களில் சந்தைக்கு வந்தது. கறுப்பு மணல் இல்மனைட். அதிலிருந்து வருகிற டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளைவெளேர் என்ற நிறமி. பெயிண்ட், பிளாஸ்டிக், வெள்ளை பிளாஸ்டிக் மணி எல்லாவற்றுக்கும் வெண்மை தருவது அது. கறுப்பிலிருந்துதான் வெள்ளை வருகிறது. நிறத்தில் உயர்வு தாழ்வு பார்க்கிறவர்கள் ஒரு முறை எங்கள் கடற்கரைக்கு வந்து போகலாம்.

இந்தக் கல்லின் விலையை யார் கொடுக்கிறார்கள்? கரையில் குடியிருக்கிற மீனவ மக்கள். இயற்கையாகவே கதிர்வீச்சு கூடிய கரை இது. மணலை அள்ள அள்ள கடல் உள்ளே வருகிறது என்றும், வீட்டுக்கு வீடு புற்றுநோய் இருக்கிறது, முறையாக ஆய்வு செய்யுங்கள் என்றும் மக்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். 2013-ல் தமிழ்நாடு அரசு தனியார் தாதுமணல் அகழ்வை நிறுத்தியது. 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடற்கரைக் கிராமங்கள் எதிர்த்துத் திரண்டன, கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. முக்குவப் பெண்ணின் முரட்டுத் துணியைக் கீழ்நிலைக்கு உவமையாக எழுதியது 1859-ன் அரசாணை. இன்றைய திட்ட அறிக்கையில் அவள் உவமையாகக்கூட இல்லை.

மணி எங்கே செய்தாலும் கதை இதுதான். கீழடியில் சூதுபவள மணி கிடைத்தது, கொடுமணலில் மணி செய்த இடமே கிடைத்தது என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சூதுபவளத்தை இன்றும் கையால் செய்கிற ஊர் ஒன்று குஜராத்தில் இருக்கிறது. காம்பே என்று பழைய புத்தகங்களில் வரும் கம்பாத். மலையிலிருந்து வரும் அகேட் கல்லைச் சூடாக்கினால் உள்ளே இருக்கிற இரும்புச்சத்து சிவந்து சூதுபவளம் ஆகும். அதைக் கொத்தி, சக்கரத்தில் உரசி, துளையிட்டு மெருகேற்ற வேண்டும். உரசும்போது பறக்கிற தூசி சிலிக்கா. வீட்டுக்குள்ளேயே பட்டறை, வீட்டுக்குள்ளேயே தூசி. நுரையீரல் கல்லாகிப்போகும் சிலிக்கோசிஸ் நோய் அங்கே தலைமுறைகளை விழுங்கியிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. பல்பொருள் அங்காடியில் 'இயற்கைக் கல்' என்ற சீட்டோடு தொங்கும் மாலையில் அந்தத் தூசியைப் பற்றி ஒரு வரி இருக்குமா?

கோக்கிறவர்களின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில், கன்னியாகுமரிக் கடற்கரையில், கொடைக் கடைகளில் பாசிமணி விற்கிற நரிக்குறவர்களிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? ஒருமையில் பேசுகிறோம். ஐம்பது ரூபாய் மாலைக்குப் பத்து ரூபாய் கேட்கிறோம். கண்ணாடி, படிகம், பிளாஸ்டிக் எது எது என்று தொட்டவுடன் சொல்லுகிற அறிவும், நிறம் பார்த்து நிறம் சேர்க்கிற கையும் அவர்களுடையது. அதே மாலை ஆடை வடிவமைப்பாளர் பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தால் விலையைக் கேட்காமலே வாங்குகிறோம். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 ஜனவரி வரை ஆனது. என் பாட்டி அறுத்தெறிந்த மாலையும் அப்படியொரு அக்கா கோத்ததுதான். பாட்டியின் வலி நியாயமானது. ஆனால் அந்த அக்கா பாட்டிக்கு எதிரியல்ல என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

சரி, கல்லைவிட்டுப் பொன்னுக்கு வருவோம். மறுக்கப்பட்டதை அடைந்தால் விடுதலையா?

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நகை எடுக்க டவுனுக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். அம்மாவும் அக்காவும் நானும் கவுண்டரில் உட்கார்ந்தோம். ஊர் எது என்று விற்பனையாளர் கேட்டார். மணவாளக்குறிச்சி என்றோம். மணவாளக்குறிச்சியில் எங்கே என்றார். அம்மா சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. எடுத்து வைத்திருந்த தட்டை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, "அக்கா, மேல மாடியில ஒரு கிராம் கோல்டு, கவரிங் எல்லாம் நல்ல மாடல் வந்திருக்கு, பாருங்க" என்றார். கல்லு போடு என்று யாரும் சொல்லவில்லை. மாடிப்படியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பையிலிருந்து பணத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். நெக்லஸ் எடுங்கள் என்றார். அன்று நான் அம்மாவைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இன்றும் அந்தப் பெருமை இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் கடன். அக்கா கழுத்தில் அந்த நெக்லஸ் எத்தனை நாள் கிடந்தது? மறுவீடு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெட்டிக்குப் போனது, அங்கிருந்து அடகுக்கடைக்குப் போனது. கடனை அம்மா ஆறு வருடம் கட்டினார்.

எத்தனை பவுன் என்று கேட்காமல் எங்கள் மாவட்டத்தில் ஒரு கல்யாணப் பேச்சு முடியாது. ஆதிக்க சாதிகள் தங்கள் பெண்களுக்கு மாட்டிய அந்தத் தராசை நாமும் எடுத்து மாட்டிக்கொண்டோம். பொன் அணியும் உரிமைக்காகச் செத்தவர்களின் பேத்திகள் இன்று பொன் இல்லாமல் கல்யாணம் ஆகாமல் நிற்கிறார்கள். உரிமை என்பது போடவும் போடாமலிருக்கவும் சேர்த்துத்தான். போட்டே ஆக வேண்டும் என்றால் பொன்னும் கல்லுமாலைதான்.

கடைசியாக உங்கள் வயதுக்காரர்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

பள்ளிக்கூடப் பையன்களின் மணிக்கட்டைப் பாருங்கள். சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு. கழுத்தில் சாதித் தலைவரின் படம் போட்ட டாலர். அதைத் தடுக்க வேண்டுமென்று 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது. கலாச்சாரத்தில் கைவைக்கிறார்கள் என்று உடனே கூச்சல் எழுந்தது.

அன்றைக்கு ஒடுக்கப்பட்டவர் கழுத்தில் அடையாளத்தைக் கட்டாயமாக மாட்டினார்கள். இன்றைக்கு ஆதிக்க சாதிப் பையன் தானே விரும்பி மாட்டிக்கொண்டு பெருமைப்படுகிறான். வேலை ஒன்றுதான். யாரை அடிக்கலாம், யாரோடு சேரலாம் என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். அந்தப் பையனிடம் பேசுங்கள். உன் கையில் கிடப்பதும் கல்லுமாலைதான், நீ கூலியில்லாமல் சுமக்கிறாய் என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பதிலுக்கு ஒரு நிறக் கயிறு கட்டினால் அவர்களிடமும் இதையே சொல்லுங்கள்.

இன்னொரு டாலர் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் முற்போக்காளர்களுக்கும் தயக்கம். தாலி. சாதிக்கு ஒரு வடிவம், மதத்துக்கு ஒரு வடிவம். விவரம் தெரிந்த கிழவி ஒருத்தி ஒரு பெண்ணின் தாலியைப் பார்த்தே அவள் புகுந்த சாதியைச் சொல்லிவிடுவாள். பொன்னில் செய்ததால் அது அடையாளச் சீட்டு இல்லை என்று ஆகிவிடுமா? தந்தை பெரியார் தொடங்கிய சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா ஆட்சி சட்ட ஏற்பு கொடுத்தது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும், தாலி கட்டாயமில்லை. சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1818 அரசாணையைப் போலவே இதுவும் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. காகிதத்திலிருந்து கழுத்துக்கு அதைக் கொண்டுவர ஒரு கொல்லம் மேடை வேண்டும். அந்த மேடை உங்கள் கல்யாணமாக இருக்கலாம்.

நகையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மணியும் மாலையும் மனிதர்களுக்குப் பிடித்த பொருள்கள். கீழடியில் மணி கோத்தவளுக்கும் பிடித்திருக்கும். நான் கேட்பது இரண்டே கேள்வி. என் கழுத்தில் கிடப்பது யார் சொல்லிக் கிடக்கிறது? அதைத் தோண்டியவரும் உரசியவரும் கோத்தவரும் என்ன விலை கொடுத்தார்கள்? முதல் கேள்விக்கு 'நான் சொல்லி' என்று பதில் வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்ல முடிய வேண்டும். அதுவரை பொன்னும் கல்லும் எனக்கு ஒன்றுதான்.

பாட்டி இருந்திருந்தால் இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருப்பேன். நீ அறுத்தது சரிதான் பாட்டி, ஆனால் கல்லின் மேல் குற்றமில்லை என்று. அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்று தெரியவில்லை. கழுத்தில் தடம் விழுந்ததைப் பார்த்தவர் அவர், படித்துத் தெரிந்துகொண்டவள் நான்.

சென்ற மாசியில் மண்டைக்காடு கொடைக்குப் போனேன். அதே ரோட்டில் ஒரு நரிக்குறவர் பெண், என் வயதுதான் இருக்கும், மணி கோத்துக்கொண்டிருந்தார். கறுப்பும் சிவப்புமாக ஒன்று எடுத்தேன். எவ்வளவுங்க என்று கேட்டேன். சொன்னார். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டு முற்றத்தில் நுழையும்போது கை தானாகவே ஒரு முறை மாலையைத் தொட்டது.